நர்சிங் பிரிவிலிருந்து வழிபாட்டுக் கூடத்துக்கு: வீல்சேரில் இருக்கும் பெரியவர்களை அழைத்துப்போய்த் திரும்பும் முழு வழிகாட்டி

மத அமைப்புகள் நடத்தும் முதியோர் இல்லங்களில் புதிதாகச் சேரும் உதவியாளர்களும் தன்னார்வலர்களும் வழிபாட்டு நாளன்று கேட்கும் முதல் கேள்வி, "யாரைத் தள்ளிக்கொண்டு போகணும்?" என்பதுதான். தள்ளுவது ஐந்து நிமிட வேலை. அதற்கு முன்னால் ஒன்றரை மணி நேர வேலை இருக்கிறது, பின்னால் அரை மணி நேர வேலை இருக்கிறது. விழுவதும், புரையேறுவதும், தோல் புண்ணாவதும் பெரும்பாலும் அந்த இரண்டு பகுதிகளில் விட்ட பிழையால்தான்.

கீழே இருக்கும் வரிசையை மாற்றாதீர்கள். கழிப்பறைக்கு முன்பே உடை மாற்றிவிட்டால் உடை இரண்டாவது முறையும் மாற்ற வேண்டிவரும். எந்தச் சமயமானாலும் இந்த வேலை ஒன்றுதான்.

1. முந்தின நாள்: ஒரே தாளில் எல்லாம்

நர்சுடன் உட்கார்ந்து, வர விரும்புகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதுங்கள். மருந்து நேரம், எப்படி எழுந்து மாறுவார், விழுங்குவதில் சிரமம் உண்டா, ஆக்சிஜன் உண்டா, சிறுநீர்ப் பை உண்டா, எவ்வளவு நேரம் உட்கார முடியும். ஆறு விஷயங்கள் போதும். அன்று காலையில் இதைக் கேட்டால் நர்சும் மருந்து வண்டியோடு ஓடிக்கொண்டிருப்பார். பதில் அரைகுறையாகத்தான் வரும்.

மருந்து நேரத்தில் இரண்டு மாத்திரைகளைத் தனியாகக் கவனியுங்கள். முதலாவது, நீர் பிரிவதற்கான மாத்திரை. ஃபுரோசமைடு போன்றவை விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். எட்டரை மணிக்குக் கொடுத்தால், பத்து மணி வழிபாட்டின் தொடக்கத்திலேயே அவருக்குக் கழிப்பறை அவசரம் வரும். அன்றைக்கு மட்டும் முன்னதாகவோ பிறகோ கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் நர்ஸ் கேட்கட்டும். "இன்னைக்கு ஒரு நாள் வேண்டாம்" என்று நீங்களாக நிறுத்தவே கூடாது.

இரண்டாவது, பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா. இது நேரம் தவறினால் உடல் இறுகிவிடும். வந்தவர் அதே காலால் திரும்ப முடியாது. பத்தரைக்கு மாத்திரை என்றால் பத்தரைக்கு, கூடத்திலேயே கொடுக்க வேண்டும். நர்ஸ் அதைக் கையில் எடுத்துவர வேண்டும் என்பதைத் தாளில் எழுதி வையுங்கள்.

உபவாச நாளாக இருந்தால் இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களின் பெயரைத் தனியாகக் குறியுங்கள். உணவைக் குறைத்து மருந்தை அப்படியே கொடுப்பதுதான் சர்க்கரை இறங்குவதற்கு நேர்வழி. உபவாசம் இருக்கலாமா, இருந்தால் மருந்து எவ்வளவு என்பதை மருத்துவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். உடல்நலக் குறைவுள்ளவர்களுக்குப் பெரும்பாலான சமய மரபுகளில் விலக்கு உண்டு. அந்த விலக்கை நர்ஸ் சொல்வதைவிட அவர் மதிக்கும் சமயப் பெரியவர் ஒருவர் சொன்னால் மனம் ஆறும்.

வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தவர்கள் கடைசி அறிகுறி நின்று 48 மணி நேரம் ஆகும்வரை கூட்டத்தில் சேரக்கூடாது. காய்ச்சல் இருந்தால் நர்ஸ் சரி சொல்லும்வரை வேண்டாம். இதில் இரக்கம் பார்த்தால், அடுத்த வாரம் பிரிவு முழுக்கப் படுத்துவிடும்.

2. வழிபாட்டை நடத்துபவரிடம் மூன்று பேச்சு

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வெளியிலிருந்து வருபவராக இருந்தால் கட்டாயம் பேசுங்கள்.

முதலாவது, "எல்லோரும் எழுந்து நிற்போம்" என்ற அழைப்பு. மறதிநோய் உள்ளவருக்குத் தன்னால் நிற்க முடியாது என்பது நினைவில் இருக்காது. ஆனால் ஐம்பது, அறுபது வருடம் கேட்ட அந்த அழைப்புக்கு உடம்பு தானாக எழும். இரண்டு பாதமும் வீல்சேரின் கால் தட்டின் மேல் இருக்கும். அதை மிதித்து எழுந்தால் நாற்காலி முன்பக்கமாகக் கவிழும், அவர் முகம் குப்புற விழுவார். பிரேக் போட்டிருந்தாலும் இது நடக்கும். ஆகவே "எல்லோரும் அமர்ந்தபடியே" என்று சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள். "முடிந்தவர்கள் எழலாம்" என்பதுகூடப் பாதிதான் உதவும். முடியாதவர்தான் முதலில் எழுவார்.

இரண்டாவது, வாயில் கொடுக்கும் எதுவும். புனிதமாகக் கருதி வழங்கும் உணவோ நீரோ ஒரு துளிதான், ஒரு துணுக்குதான் என்று நினைக்க வேண்டாம். விழுங்கும் தசை பலவீனமானவருக்குச் சாதாரண நீர்தான் எல்லாவற்றையும்விட வேகமாக மூச்சுக்குழாய்க்குள் போகும். உலர்ந்து உதிரும் துணுக்கு தொண்டையில் ஒட்டும். கெட்டியாக்கிய திரவம் மட்டும் குடிப்பவருக்கு நீரையும் அதே அளவு கெட்டியாக்கித் தர முடியுமா, துணுக்கை நனைத்து மசித்துத் தர முடியுமா, இல்லையென்றால் உதட்டில் தொடுவதோ தலையில் கைவைத்து ஆசி வழங்குவதோ போதுமா என்று வழிபாட்டை நடத்துபவரே முடிவு சொல்லட்டும். அந்த முடிவு உங்களுடையது அல்ல. வழங்கும் நேரத்தில் உங்கள் வேலை, அந்தப் பெரியவரின் பக்கத்தில் நின்று "இவருக்கு மசித்தது" என்று சொல்வது.

மூன்றாவது, நெருப்பும் புகையும். ஆக்சிஜனில் இருப்பவரிடமிருந்து மெழுகுவர்த்தி, விளக்கு எதுவானாலும் குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கையில் சுடரை ஏந்தி வரிசை வரிசையாக வருவது வழக்கமென்றால், அவர் பக்கம் வராமலே திரும்பட்டும். ஆக்சிஜன் ஆடையிலும் போர்வையிலும் ஊறி நிற்கும். குழாயை மூடிய உடனே ஆபத்து போய்விடாது. கைக்குப் பூசிய ஆல்கஹால் சானிடைசர் முழுக்க உலரும்வரை யாரும் தீ ஏற்றக்கூடாது.

3. கூடத்தில் இடம் பிடிப்பது

ஒரு வீல்சேருக்கு 90 செ.மீ. அகலமும் 120 செ.மீ. நீளமும் விடுங்கள். நடுவில் செல்லும் வழி 90 செ.மீ.க்குக் குறையக்கூடாது. எல்லா வீல்சேரையும் கடைசி வரிசையில் கூட்டமாக நிறுத்துவது வசதிதான். ஆனால் ஒருவரை அவசரமாக வெளியே எடுக்க நான்கு பேரை நகர்த்த வேண்டியிருக்கும். பெஞ்சு வரிசைகளின் ஓரங்களைக் காலி செய்து பிரித்து நிறுத்தினால், குடும்பத்தாரும் பக்கத்தில் உட்காரலாம்.

யார் எங்கே என்பதையும் முன்பே தீர்மானியுங்கள். ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் புகைக்கு எதிர்ப்பக்கம், ஜன்னலோரம். காது கருவி போட்டவர்கள் பேசுபவரின் முகம் தெரியும் இடத்தில், ஒலிபெருக்கிக்கு நேரே அல்ல. மறதிநோயில் பதறக்கூடியவர்கள் கதவோரம். பாதியில் கிளம்ப வேண்டியவர்களும் அங்கேதான்.

4. நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

பத்து மணி வழிபாடு, எட்டு வீல்சேர், இரண்டு உதவியாளர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரைக் கழிப்பறைக்கு அழைத்துப்போய், உடை சரிசெய்து, நாற்காலிக்கு மாற்ற 15 முதல் 20 நிமிடம் ஆகும். ஆளுக்கு நான்கு பேர், 80 நிமிடம். கடைசி ஆள் 9:40க்குத் தயாராக வேண்டுமென்றால் வேலை 8:20க்குத் தொடங்க வேண்டும். 9:25லிருந்து தன்னார்வலர்கள் தள்ளத் தொடங்கலாம்.

இங்கேதான் கணக்கில் ஒளிந்திருக்கும் சிக்கல். 8:40க்குத் தயாரானவர் 11:20க்குப் படுக்கைக்குத் திரும்பினால் 2 மணி 40 நிமிடம் உட்கார்ந்திருக்கிறார். தானாக அசைய முடியாதவரின் இடுப்பெலும்புக்குக் கீழே படுக்கைப்புண் தொடங்க அது தாராளமாகப் போதும். எனவே தயார்செய்யும் வரிசை அறை எண் வரிசையாக இருக்கக்கூடாது. கையை ஊன்றித் தானாக எழும்பி உட்காரக்கூடியவர்கள் முதலில். தோல் பலவீனமானவர்கள் கடைசியில். திரும்பும்போது இது தலைகீழ்: கடைசியாக வந்தவர் முதலில் போவார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாதவர் முதல் அரை மணியோ கடைசி அரை மணியோ வரட்டும். எந்தப் பாதி வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் தெளிவான பதில் இருக்கும்: சிலருக்குப் பாட்டு வேண்டும், சிலருக்கு ஆசி வேண்டும்.

5. கேட்பது, பிறகு கழிப்பறை

ஒவ்வொரு வாரமும் கேளுங்கள். "ஐயா, இன்னைக்குப் பிரார்த்தனைக்குப் போகலாமா, இல்ல ரூம்லயே இருக்கீங்களா?" இரண்டும் சமமான பதிலாகத் தெரியும்படி கேட்க வேண்டும். "எல்லாரும் போறாங்க, நீங்க வரலையா?" என்பது கேள்வி அல்ல, நெருக்கடி. இந்த வாரம் வேண்டாம் என்றவரை அடுத்த வாரப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். வேறு நம்பிக்கையுடையவரும் நம்பிக்கையே இல்லாதவரும் இல்லத்தில் இருப்பார்கள். அவர்கள் வராததற்கு யாரும் காரணம் கேட்கக் கூடாது.

சரி என்றதும் கழிப்பறை. "வருதா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். "கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை போயிட்டு வந்துடலாம்மா" என்று அழைத்துப் போங்கள். டயப்பர் அணிபவருக்கு இப்போதே புதியது மாற்றுங்கள். ஈரத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் தோல் ஊறி உரியும்.

6. படுக்கையிலிருந்து வீல்சேருக்கு

வீல்சேரை அவருடைய பலமான பக்கத்தில், படுக்கைக்கு 30 முதல் 45 டிகிரி சாய்வில் நிறுத்துங்கள். படுக்கை, வீல்சேர் இரண்டுக்கும் பிரேக். கால் தட்டுகளை ஒதுக்கிவிடுங்கள். மாற்றும்போது முழங்காலுக்குக் கீழே கிழிவது பெரும்பாலும் அந்தத் தட்டின் விளிம்பில்தான், வயதானவர்களின் தோல் அங்கே காகிதம் போல இருக்கும்.

பக்கவாட்டில் திருப்பி, கால்களைக் கீழே விட்டு, உட்கார வையுங்கள். உட்கார்ந்ததும் இரண்டு நிமிடம் ஒன்றும் செய்யாதீர்கள். கணுக்காலைப் பத்து முறை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். படுத்திருந்தவர் எழும்போது இரத்தம் கால்களில் தங்கி அழுத்தம் சரியும். நின்று மூன்று நிமிடத்துக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தாலே அது கவனிக்க வேண்டிய சரிவு. தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது என்றால் மறுபடி படுக்க வைத்து நர்சைக் கூப்பிடுங்கள். அந்த இரண்டு நிமிடத்தில் மணியைப் பார்க்காதீர்கள். நேரம் போதவில்லையென்றால் பிழை 8:20க்குத் தொடங்காததில் இருக்கிறது.

காலுக்கு வழுக்காத காலணி. கூடத்துக்குள் காலணி கழற்ற வேண்டியிருந்தால், அடியில் ரப்பர் புள்ளி வைத்த காலுறை. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவரை வெறுங்காலோடு விடாதீர்கள். தட்டிலிருந்து கால் நழுவித் தரையில் உரசினாலும் அவருக்குத் தெரியாது.

பிடித்து எழுப்புவதற்கான இடுப்புப் பட்டையை ஆடைக்கு மேல், இரண்டு விரல் நுழையும் இறுக்கத்தில் கட்டுங்கள். பாதம் பின்னால், உடம்பு முன்னால், மூக்கு கால்விரலுக்கு மேலே வரும் அளவுக்குக் குனிய வேண்டும். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சேர்ந்து எண்ணி எழுப்புங்கள். சின்னச் சின்ன அடியாகத் திரும்பி, காலின் பின்புறம் நாற்காலியைத் தொட்டதும் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக உட்காரட்டும்.

அக்குளில் கை கொடுத்துத் தூக்குவது எல்லோரும் செய்யும் பிழை. பக்கவாதம் வந்த கையை இழுத்தால் தோள் மூட்டு நழுவும். அந்த வலி மாதக்கணக்கில் போகாது. இரண்டு காலிலும் எடை தாங்காதவரை ஆள் பலத்தால் தூக்கவே கூடாது. தூக்கு எந்திரம், இரண்டு பேர்.

உட்கார்ந்தபின் இடுப்பு முழுக்கப் பின்னால் போயிருக்கிறதா என்று பாருங்கள். கீழ் முதுகுக்கும் சாய்வுக்கும் நடுவில் உங்கள் உள்ளங்கை நுழைந்தால் போகவில்லை. அந்த இடைவெளிதான் அரை மணி நேரத்தில் அவரைச் சறுக்கிக் கீழே கொண்டுவரும். நடுவில் ஓட்டையுள்ள வளைய மெத்தை வேண்டாம். அது சுற்றியுள்ள இரத்த ஓட்டத்தை அழுத்தி நிறுத்தும்.

7. கதவைத் தாண்டும் முன்: கால், கை, பை, காது, காற்று

கால்: இரண்டும் தட்டில். கை: மடியில், சக்கரத்துக்கு வெளியே அல்ல, போர்வை, சால்வை நுனியும் கம்பிகளில் சிக்காமல் மடியில்.

பை: சிறுநீர்ப் பை மூன்றில் இரண்டு பங்கு நிறைந்திருந்தால் காலி செய்யுங்கள். எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழே, நாற்காலியின் கீழ்ச்சட்டத்தில் மாட்ட வேண்டும், தரையில் உரசக்கூடாது. கைப்பிடியில் மாட்டினால் சிறுநீர் பின்னோக்கிப் போய்த் தொற்று வரும். மேலே ஒரு துணி உறை போடுங்கள். கூட்டத்தில் அவருக்கு அது பெரிய விஷயம்.

காது: கருவி இருக்கிறதா, பேட்டரி வேலை செய்கிறதா, விசில் அடிக்கிறதா. விசில் அடித்தால் சரியாகப் பொருந்தவில்லை, அல்லது காதில் அழுக்கு. கண்ணாடியையும் துடைத்துவிடுங்கள்.

காற்று: ஆக்சிஜன் சிலிண்டரில் மீதி எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டே ஆக வேண்டும். 680 லிட்டர் சிலிண்டரில் முள் கால்வாசியைக் காட்டினால் 170 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 85 நிமிடம். காத்திருப்பும் சேர்த்துப் போக 25, வழிபாடு 60, திரும்ப 25 என்றால் 110 நிமிடம் வேண்டும். போதாது, மாற்றுங்கள். "முள் இன்னும் சிவப்புக்கு வரலையே" என்பது பதில் அல்ல.

8. வழியில்

சரிவுப் பாதை 12 செ.மீ. நீளத்துக்கு 1 செ.மீ. உயரம் என்ற அளவுக்கு மேல் செங்குத்தாக இருந்தால் ஒருவர் தனியாகத் தள்ளக்கூடாது. இறங்கும்போது எப்போதும் பின்பக்கமாக: நீங்கள் கீழே, அவர் முகம் மேல்நோக்கி. முன்பக்கமாக இறக்கினால் அவருடைய எடை முழுவதும் உங்கள் கையை விட்டு ஓடப் பார்க்கும்.

லிஃப்டுக்குள்ளும் பின்பக்கமாக நுழையுங்கள். பெரிய சக்கரம் முதலில் இடுக்கைத் தாண்டிவிடும். முன்னால் போனால் சின்னச் சக்கரம் அந்த இடுக்கில் திரும்பி மாட்டிக்கொள்ளும். நின்றால் பிரேக், தொடங்குமுன் "போகலாம்மா" என்று ஒரு வார்த்தை. இரண்டு கைக்கு இரண்டு வீல்சேர் என்ற சாகசம் வேண்டாம்.

9. வழிபாடு நடக்கும்போது

உதவியாளர் பின்வரிசையில் உட்காரக்கூடாது, முகங்கள் தெரியும் பக்கவாட்டில் உட்கார வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் தூங்குபவரும் மயங்கியவரும் ஒன்றுபோல் இருப்பார்கள்.

தானாக அசைய முடிந்தவருக்கு 15 நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணால் ஜாடை காட்டுங்கள். கையை ஊன்றி இடுப்பைத் தூக்கி உட்காரட்டும். முடியாதவரை ஒரு பக்கமாகச் சாய்த்து எடையை மாற்றுங்கள். பாட்டு நடுவே செய்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

மறதிநோய் உள்ளவரிடம் "இந்தப் பாட்டு ஞாபகம் இருக்கா?" என்று சோதிக்காதீர்கள். முதல் அடியைப் பக்கத்திலிருந்து மெதுவாகத் தொடங்குங்கள். மகளின் பெயர் வராதவருக்கும் சின்ன வயதில் மனப்பாடம் செய்த பிரார்த்தனை வரிசையாக வரும். புத்தகம் கையில் கொடுப்பதென்றால் 18 புள்ளி (பாயின்ட்) அளவுக்குக் குறையாத எழுத்தில் கொடுங்கள்.

வாயில் ஏதாவது வாங்கியவர் நிமிர்ந்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி விழுங்கட்டும். பிறகு 30 நிமிடம் நிமிர்ந்தே இருக்க வேண்டும். இருமல், கண்ணில் நீர், குரலில் தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம் வந்தால் அடுத்த துணுக்கு கிடையாது, நர்சுக்குச் சொல்லுங்கள். இருமவும் முடியாமல் பேச்சும் எழாமல் போனால் உதவிக்குக் குரல் கொடுத்து, முன்னால் சாய்த்து, இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை அடியுங்கள். வெளியே வரவில்லையென்றால் வயிற்றில் ஐந்து அழுத்தம். இதைப் பயிற்சி எடுத்தவர் ஒருவராவது கூடத்தில் இருக்க வேண்டும்.

வியர்வை, நடுக்கம், திடீர் எரிச்சல், பொருத்தமற்ற பேச்சு: சர்க்கரை நோயாளியிடம் இவற்றை "மறதிதான்" என்று தள்ளிவிடாதீர்கள். இரத்தச் சர்க்கரையை அளந்து பார்த்து, டெசிலிட்டருக்கு 70 மி.கி.க்குக் கீழே இருந்தால், விழுங்கக்கூடியவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி அளவு. உபவாசம் அந்த நிமிடமே முடிந்தது.

10. திரும்புதல்

அவசரம் இங்கேதான் தலைகாட்டும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கழிப்பறை, ஒரே நேரத்தில் பசி; தன்னார்வலர்கள் வாசலில் பேசிக்கொண்டிருப்பார்கள். காத்திருக்கப் பொறுக்காமல் ஒருவர் தானாக எழுவார். எனவே கடைசிப் பாட்டு தொடங்கும்போதே விழக்கூடியவர்களையும் தோல் பலவீனமானவர்களையும் கதவுப் பக்கமிருந்து எடுத்துவிடுங்கள். அனைவரும் அறைக்குப் போகும்வரை கூடத்தில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

அறையில் முதலில் கழிப்பறை, பிறகு படுக்கை, பிறகு தோல். வால் எலும்பு, குதிகால், தொடையின் அடியில் சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் சற்று நேரத்தில் சரியாகும். அழுத்தியும் வெளுக்காத சிவப்பு படுக்கைப்புண்ணின் முதல் கட்டம். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடு, கல் போன்ற இறுக்கம், வலி ஆகியவற்றைக் கையால் தடவிப் பாருங்கள். தேய்க்க வேண்டாம். அந்தப் பக்கம் படாமல் படுக்க வைத்து நர்சிடம் சொல்லி எழுதி வையுங்கள்.

எழுதும்போது "வழிபாட்டுக்குச் சென்றார்" என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை உட்கார்ந்தார், என்ன விழுங்கினார், எப்போது சோர்ந்தார். அடுத்த வாரத் தாள் இதிலிருந்துதான் வரும்.

11. அறையிலேயே இருப்பவர்கள்

படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்கு வழிபாடு முடிந்ததும் நடத்தியவர் அறைக்கு வந்து ஐந்து நிமிடம் இருப்பது நல்லது. வருமுன் காது கருவியைப் போட்டு, தலைப்பக்கத்தை உயர்த்தி, ஒரு நாற்காலியைப் படுக்கையோரம் போட்டு வையுங்கள். நின்றபடி பேசினால் படுத்திருப்பவருக்கு முகம் தெரியாது. தூங்கினால் எழுப்ப வேண்டாம். நடத்தியவர் மாலையில் வர முடியுமா என்று கேளுங்கள்.

கூடத்து ஒலியை அறை ஸ்பீக்கரில் விடுகிறீர்கள் என்றால், யாருக்கு வேண்டும் என்று கேட்டு, வேண்டியவர் அறையில் மட்டும் போடுங்கள். முடிந்ததும் அணைக்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். கையை அசைக்க முடியாதவர் அந்த இரைச்சலை மதியம் வரை கேட்டுக்கொண்டே படுத்திருப்பார்.